நாலு சைக்கிளும் ஒரு மழை புகாத பையும்

வீடு நிறையச் சாமான் வைத்திருப்பவனை எந்த அரசாங்கமும் இந்தியாவுக்குக் கப்பலேற்றாது என்று நான் நம்பினேன். சிரிக்க வேண்டாம். சுதந்திரம் வந்த கொஞ்ச நாளில், நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று மனுப் போட்டு நிரூபிக்கச் சொன்னபோது, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கொரு நம்பிக்கை இருந்தது. ஒருவர் முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்துகொண்டார். ஒருவர் கைநாட்டை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடப் பழகினார். நான் சைக்கிள் சேர்த்தேன்.

என் வாதம் இதுதான். கப்பலில் ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு படுக்கை. நாலு சைக்கிளும் ஒரு கூடாரமும் வைத்திருப்பவனை எப்படி ஏற்றுவார்கள்? ஏற்ற வருகிற அதிகாரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, இவனை அசைக்க லாரி வேண்டும், இவன் இங்கேயே கிடக்கட்டும் என்று அடுத்த வீட்டுக் காம்பராவுக்குப் போய்விடுவார். இதை நான் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் வேடிக்கையாகச் சொல்லித் திரிந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் தோட்டத்துத் தபால்காரன். காலையில் பூட்டிய தபால் பையோடு சைக்கிளில் டவுனுக்கு இறங்குவேன். மத்தியானம் அதே பையோடு மேலே வருவேன். போகும்போது சைக்கிள் என்னைச் சுமக்கும், வரும்போது நான் சைக்கிளைத் தள்ளுவேன். எங்களுக்குள் அப்படி ஒரு ஒப்பந்தம். அந்த வேலையால் துரைமார் பங்களாக்களின் பின்வாசல்கள் எனக்குத் திறந்திருந்தன. அப்போதுதான் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். போகிறவர்களுக்கு வேண்டாதது எல்லாம் எனக்கு வேண்டியிருந்தது.

முதலில் வந்தது ஒரு பழைய சைக்கிள் சட்டம், சக்கரமில்லாமல். அதற்குச் சக்கரம் தேடப்போய் இரண்டாவது சைக்கிள் வந்தது. இரண்டாவதுக்கு செயின் தேடப்போய் மூன்றாவது. அப்புறம் காபைட் விளக்கு, கேரியர், பம்பு, காற்று இறங்கிய டியூப்கள். பிறகு சைக்கிளைத் தாண்டிப் போனேன். மழைக்கோட்டுகள். மீன் பிடிக்கும் நீளக் கம்பு ஒன்று. அடியில் ஆணி அடித்த மலையேறும் சப்பாத்து, என் கால் இரண்டும் ஒன்றிலேயே நுழையும் அளவுக்கு. வேட்டைக்குப் போகும்போது அடிக்கிற கூடாரம். கடைசியாக, ஒரு சின்னத்துரை கப்பலேறுகிற அன்று கொடுத்த முதுகுப் பை. "ஆற்றில் போட்டாலும் இதற்குள் இருக்கிற காகிதம் நனையாது" என்று அவர் தமிழில் சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழில் பாதி திட்டு. மீதிப் பாதியில் இந்த நல்ல வாக்கியம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவற்றில் எதையும் நான் ஒரு நாளும் உபயோகித்ததில்லை. தபாலுக்குப் போனது தோட்டத்துச் சைக்கிள். மழைக்கு நான் போட்டது தலையில் மடித்துக் கவிழ்க்கிற கொங்காணி. மற்றதெல்லாம் இருப்பதற்காக இருந்தவை.

இருந்த இடமோ லயம் என்கிற வரிசை வீடுகளில் ஒரே காம்பரா. முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, உள்ளே ஒரு அறை, அதன் ஒரு மூலையில் அடுப்பு. சைக்கிள்கள் தகரக் கூரைக்குக் கீழே உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கின. ரிம்கள் சுவரில் ஆணியில். கூடாரம் கட்டிலுக்கடியில். அதனால் கட்டில் ஒரு பக்கம் தூக்கி நின்றது, நாங்கள் சரிந்துதான் படுத்தோம். பனிக்காலத்துக் காலைகளில் தகரம் வியர்க்கும். அந்தத் தண்ணீர் சைக்கிள்களில் விழுந்து, துருவோடு சேர்ந்து, எங்கள் மேல் சொட்டும். கொழுந்து பறிக்கப் போக எழும்பும்போது என் மனைவியின் சேலையில் செம்மண் நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருக்கும். துவைத்தாலும் போகாது.

"ஏங்க, இது நம்ம காம்பராவா, சைக்கிளுங்க காம்பராவா?" என்று ஒரு நாள் கேட்டாள். "அதுங்க மேல குடியிருக்கு. நாம கீழ ஒண்டிக்கிட்டு இருக்கோம்."

"எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான் புள்ள."

"நல்லது சொட்டுது, போங்க."

அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. பிறந்தது இதே லயத்தில், கடைசிக் காம்பராவில். சின்ன வயதிலேயே பேர் பதிந்து கொழுந்துக்குப் போனவள். செக்ரோல் என்கிற தோட்டத்துச் சம்பளப் பதிவில் அவள் பேர் ஒரு மாதம்கூட விட்டுப்போனதில்லை. பிரஜாவுரிமைக்கு அவளைப் போல நிரூபணம் வைத்திருந்தவர்கள் அந்தத் தோட்டத்திலேயே குறைவு. ஆனால் மனு என் பேரில்தான் போனது. புருஷன் மனுவிலேயே பெண்சாதி பேரும் சேரும் என்று சொல்லி, தோட்டத்துக் கிளாக்கர் ஐயா அவளை என் பேருக்குக் கீழே எழுதினார். எனக்குக் கிடைத்தால் அவளுக்கும் உண்டு. எனக்கு இல்லையென்றால் அவளுக்கும் இல்லை.

எனக்கோ, விடாமல் இங்கேயே இருந்தேன் என்பதற்கான நிரூபணத்தில் ஒரு ஓட்டை இருந்தது. உலகச் சண்டைக் காலத்தில் இரண்டு வருஷம் நான் தோட்டத்தில் இல்லை. டவுனில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு வருஷம் எந்தச் செக்ரோலிலும் என் பேர் இல்லை. கடைக்காரர் செத்துப்போனார், கடையும் போனது. அப்போது நான் இந்தியாவில் இருக்கவில்லை, இங்கேதான் இருந்தேன் என்று சொல்ல உலகத்தில் இரண்டே இரண்டு சாட்சிகள். நான் அந்த வருஷங்களில் எடுத்த சைக்கிள் லைசன்ஸ் துண்டுகள். என் பேரும் விலாசமும் எழுதி, சிவப்பு மையில் முத்திரை குத்தியவை.

எங்கள் காம்பராவில் எல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். சாமி படத்துக்குப் பின்னால் வைத்த காகிதம்கூட ஒரு மழைக்காலத்தில் பச்சையாகிவிடும். ஆகவே அந்த இரண்டு துண்டுகளையும் மழை புகாத முதுகுப் பையின் உள்பாக்கெட்டில் வைத்தேன். என் சாமான்களிலேயே ஒன்றுக்காவது ஒரு வேலை கிடைத்ததே என்று பெருமையாக இருந்தது.

மனுப் போட்டு நாலைந்து வருஷம் பேச்சு மூச்சில்லை. சாமான் மட்டும் வளர்ந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை கிளாக்கர் ஐயா கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை ஆபீசர் வாறாரு. லயத்துக்கே வந்து விசாரிப்பாராம். வீட்டுல இருந்துக்க."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் லயத்துக்கு வந்தேன். வரட்டும், பார்க்கட்டும். பக்கத்துக் காம்பராக்காரன் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். உறவு முறையில் எனக்கு மச்சான். வாயில் எனக்கு அண்ணன். அவனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் என் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான்.

"மச்சான், ஆபீசர் இதையெல்லாம் பாத்தா என்னா எழுதுவாரு தெரியுமா?"

"என்னா எழுதுவாரு?"

"கூடாரம் இருக்கு. முதுகுல மாட்டுற பையி இருக்கு. மழைக்கோட்டு இருக்கு. ரெண்டு பேருக்கு நாலு சைக்கிளு இருக்கு. ஆளு பயணத்துக்குத் தயாரா நிக்கிறாரு, கதவத் தொறந்து விட்டாப் போதும்னு எழுதுவாரு."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் வேராக நினைத்துச் சேர்த்ததெல்லாம் ஒரே நிமிஷத்தில் பயண மூட்டையாகிவிட்டது. அவன் சொன்னது விளையாட்டுக்கு. எனக்கு விளையாட்டு எது, வினை எது என்று பிரிக்கிற உறுப்பு அன்றைக்கு வேலை செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து சாமானை அப்புறப்படுத்தினேன். சைக்கிள்களை ஒவ்வொன்றாக இறக்கி, மாட்டுப்பட்டிக்குப் பின்னால் உயரமாக வளர்ந்த மானாப்புல்லுக்குள் சாய்த்தேன். கூடாரத்தை மாட்டுப்பட்டிக்குள்ளேயே தள்ளினேன். ஒரு மாடு உடனே அதன் மேல் படுத்துக்கொண்டது. ஆணிச் சப்பாத்தை மேளம் வைக்கிற அறையில் ஒளிக்கலாமென்று மாரியம்மன் கோவிலுக்குக் கொண்டுபோனேன்.

பூசாரி வாசலிலேயே மறித்தார். "ஏய்யா, சாதாச் செருப்பையே வெளிய கழட்டச் சொல்றோம். நீ ஆணியடிச்சு எடுத்துக்கிட்டு வாறியா?"

"சாமி, ஒரு நாளைக்கு மட்டுந்தான்."

"ஆத்தாவுக்கு ஒரு நாளும் ஒண்ணுதான், ஒரு வருசமும் ஒண்ணுதான். கொண்டு போ."

சப்பாத்து கடைசியில் தேயிலைக்கு நடுவே தண்ணீர் ஓடுகிற ஒரு கானுக்குள் போனது. முதுகுப் பையை மச்சான் கையில் கொடுத்தேன். அவன் மறுநாள் விடிய, பெண்சாதி பிள்ளைகளோடு சாமி கும்பிடச் சிவனொளிபாதமலைக்குப் புறப்படுகிறவன்.

"நாங்க மஸ்கெலியா பஸ்ஸப் புடிச்சு மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் போயிருவோம். காம்பரா பூட்டித்தான் இருக்கும். ஒரு பய எட்டிப் பாக்க முடியாது" என்றான்.

பூட்டிய காம்பரா! இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பயம் வந்தவனுக்கு நிறுத்தத் தெரியாது. திரும்பி வந்து காம்பராவைப் பார்த்தேன். மூலையில் தகரப் பெட்டி. பயணத்துக்குத்தானே பெட்டி? எடுத்தேன். சுவரோரம் சுருட்டி வைத்த பாய். சுருட்டிய பாயைப் பார்த்தால் யாருக்கும் ரயில்தான் ஞாபகம் வரும். எடுத்தேன். கூஜா, அது பயணத்துக்கென்றே செய்தது. எடுத்தேன். மூட்டையாகக் கட்டிய துணி, கம்பளி, குடை. என் மனைவி அடுப்புக்குப் பக்கத்தில் சோற்றுப் பானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதையும் தூக்கிட்டுப் போகப் போறீங்களா?"

"பானை இருக்கட்டும்."

"நானு?"

வேடிக்கையாக ஏதாவது சொல்வது என் வழக்கம். அன்றைக்குக் குடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.

திங்கட்கிழமை மத்தியானம் மூட்டம் இறங்கிக் கிடந்தபோது அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் காற்சட்டை. நடந்து வந்த பாதையில் அட்டை ஏறி, காலுறையில் ரத்தம் கசிந்திருந்தது. வாசலில் நின்று உள்ளே பார்த்தார். வெறும் தரை, கட்டில், பானை, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்காமலே வேலையிலிருந்து ஓடி வந்து நின்ற என் மனைவி.

"இந்தக் காம்பராவில ஆக்கள் இருக்கினமோ?"

"நாங்கதாங்க இருக்கோம்" என்றேன்.

"எவ்வளவு காலமா?"

"கலியாணம் கட்டுனதுலேர்ந்துங்க."

"சாமான் ஒண்டையும் காணேல்லையே?"

"நிரந்தரமா இருக்கிறவங்களுக்கு என்னாத்துக்குங்க சாமான்" என்று சொன்னேன். இதுதான் முந்தின நாள் முழுக்க யோசித்து வைத்திருந்த பதில். வெளியே வந்தபோது அது எனக்கே விளங்கவில்லை.

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கோப்பை விரித்தார். "நான் சாமான் பாக்க வரேல்லை. இந்தச் சண்டைக் காலத்து ரெண்டு வருசமும்தான் பிரச்சினை. மிச்சமெல்லாம் சரியாக் கிடக்கு. மனிசிக்கு ஒரு பிழையும் இல்லை. அந்த ரெண்டு வருசத்துக்கு உம்மட்ட என்ன இருக்கு?"

"சைக்கிள் லைசன்ஸ் இருக்குங்க. ரெண்டு வருசத்துக்கும். பேரு போட்டு, முத்திரை குத்தி."

அவர் முகம் தெளிந்தது. "அது காணும். கொண்டு வாரும்."

கொண்டு வரத்தான் திரும்பினேன். திரும்பிய பிறகுதான் பை எங்கே என்பது நினைவுக்கு வந்தது. மச்சான் காம்பராக் கதவில் பூட்டு தொங்கியது. ஜன்னல் பலகையின் இடுக்கு வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தேன். முந்தின நாள் பையை எந்த ஆணியில் மாட்டினானோ, அந்த ஆணி வெறுமையாக இருந்தது.

கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு அக்கா குரல் கொடுத்தார்: "பையத் தேடுறியா தம்பி? விடியக்காலையில முதுகுல மாட்டிக்கிட்டுத்தானே போனாரு. தொரை மாதிரி இருக்கேன்ல அக்கான்னு கேட்டுக்கிட்டுப் போனாரு."

நான் திரும்பி வந்து அதிகாரி முன்னால் நின்றேன்.

"எங்கை துண்டு?"

"மலைக்குப் போயிருக்குங்க" என்றேன். "சாமி கும்பிட."

சத்தியமாக அதைத்தான் சொன்னேன். நடந்தது அதுதான், ஆனாலும் என் வாயிலிருந்து எது வந்தாலும் கேலி மாதிரியே வருவது என் தலையெழுத்து. அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. காலுறையை இறக்கி, உப்பிய அட்டை ஒன்றைக் கிள்ளி வெளியே எறிந்துவிட்டு, "அடுத்த கிழமைக்குள்ள நுவரெலியாவில எங்கட கந்தோருக்குக் கொண்டு வந்து காட்டும். ஒரிஜினல்தான் வேணும்" என்று எழும்பினார். போகும்போது என் மனைவியைப் பார்த்து, "பயப்பிடாதையும், துண்டு இருந்தாச் சரி" என்றார்.

மச்சான் புதன்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தான். நான் பஸ் நிறுத்தத்திலேயே போய் நின்றேன். பை அவன் முதுகில் கனமாகத் தொங்கியது.

"மச்சான், நல்ல பைய்யா இது!" என்றான், நான் வாய் திறக்கும் முன்பே. "மலையில அடிச்சு ஊத்துச்சு பாரு மழை. சீதகங்குலை ஆத்துல குளிச்ச ஈரத் துணியெல்லாம் இதுக்குள்ளதான் திணிச்சேன். ஒரு சொட்டு வெளிய வரல. என் சட்டை காஞ்சே இருக்கு, தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். சட்டை காய்ந்துதான் இருந்தது. துரை சொன்னது பொய் இல்லை. தண்ணீர் உள்ளே வராது. உள்ளே போன தண்ணீர் வெளியேயும் வராது. இரண்டு நாளாக ஐந்து பேருடைய ஈரத் துணி அதற்குள் ஊறிக்கொண்டிருந்தது. ரோட்டோரத்திலேயே குந்தித் துணிகளை இழுத்துப் போட்டுவிட்டு, உள்பாக்கெட்டில் கையை விட்டேன். விரலில் கஞ்சி மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. இளஞ்சிவப்பாக இருந்தது. முத்திரை மை.

மச்சான் முகம் வெளுத்துவிட்டது. "என்னா மச்சான் அது? சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

அவனை என்ன சொல்வது? அவன் செய்தது அந்தப் பையை அது எதற்கென்று தைக்கப்பட்டதோ அதற்கு உபயோகித்ததுதான். நான் அதைச் செய்ததே இல்லை. செய்திருந்தால் அதன் குணம் எனக்குத் தெரிந்திருக்கும்.

அந்தக் கஞ்சியை ஒரு பழைய டொஃபி டின்னில் போட்டு, நுவரெலியாவுக்குக் கொண்டுபோனேன். அதிகாரி டின்னைத் திறந்து பார்த்தார். "இதை நான் என்னெண்டு எழுதுறது?" என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். லைசன்ஸ் எழுதிக் கொடுத்த இடத்திலும் கேட்டுப் பார்த்தேன். அவ்வளவு பழைய புத்தகங்களை வைத்திருப்பது வழக்கமில்லையாம்.

நான் திரும்பி வந்தபோது காம்பரா பழையபடி இருந்தது. என் மனைவி, வேலை விட்டு வந்து, மானாப்புல்லுக்குள் கிடந்த சைக்கிள்களையும், மாடு படுத்த கூடாரத்தையும், கானில் தண்ணீர் நிறைந்து கிடந்த சப்பாத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, எது எந்த ஆணியில் இருந்ததோ அந்த ஆணியிலேயே மாட்டியிருந்தாள். ரிம்களை உயரத்தில் மாட்டப் பெட்டி மேல் ஏறி நின்றிருக்கிறாள். கையெல்லாம் துரு. ஒரு வார்த்தை திட்டவில்லை. டின் என்ன ஆயிற்று என்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சோறு இருக்கு" என்றாள்.

திட்டியிருக்கலாம். நான் பதிலுக்கு ஏதாவது கேலி சொல்லியிருப்பேன், அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அதற்குப் பிறகு எங்கள் காம்பராவில் சத்தம் குறைந்துபோனது. சொட்டுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

சாமான் சேர்ப்பதை நான் நிறுத்தவில்லை. நம்பிக்கை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. துரைமார் போய்க்கொண்டே இருந்தார்கள். இன்னொரு மழைக்கோட்டு வந்தது, கம்பி உடைந்த சக்கரங்கள் வந்தன, மடக்குகிற நாற்காலி ஒன்று வந்தது. லயத்துக்காரர்கள் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து கேலி செய்தேன். சரிந்த கட்டிலில் சரிந்தே படுத்தோம்.

மூன்று வருஷம் கழித்து, ஆடி மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. டவுனிலிருந்து கிளம்பும்போதே மழை. வழக்கம்போல, இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். கொங்காணி நனைந்து, சட்டை நனைந்து, தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றபோது என்னிலிருந்து தண்ணீர் ஓடியது. தபால் பையை மேசையில் வைத்தேன். கிளாக்கர் ஐயா பூட்டைத் திறந்து கடிதங்களைப் பிரித்தார். நீளமான ஒரு உறையைப் பார்த்து, என்னைப் பார்த்து, அதை என்னிடமே நீட்டினார்.

"நீயே கொண்டு வந்திருக்க" என்றார்.

அவரையே வாசிக்கச் சொன்னேன். அந்த இரண்டு வருஷ வசிப்புக்கு நிரூபணம் இல்லை. மனு நிராகரிக்கப்பட்டது. மேலே என் பேர். அதற்குக் கீழே, இந்தத் தோட்டத்தை விட்டு ஒரு நாளும் வெளியே போகாத என் மனைவியின் பேர்.

கடிதம் நனையவே இல்லை.